என் போனுக்கு வந்த ஓடிபி

ஐப்பசி 9, வியாழன். இரவு.

இன்று என் ஜெராக்ஸ் கடையில் ராணி அக்கா என்னைத் திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். தொட்டியத்திலிருந்து பஸ் ஏறிப் புத்தூர் வந்தவர், புதுப் போனில் தன் இமெயிலைத் திறந்து தரச் சொன்னார். அதற்கான ஓடிபி என் போனுக்கு வந்தது.

"என் இமெயிலுக்கு உங்க போன்ல ஏங்க நம்பர் வருது?"

"உங்க வீட்டுக்காரர் விசாவுக்காக இந்த இமெயிலை ஆரம்பிச்சப்ப நீங்க போன் கொண்டு வரலை. நீங்கதானே என் நம்பரைப் போடச் சொன்னீங்க?"

"நான் சொன்னா போட்டுடுவீங்களா? இத்தனை நாளா எல்லாத்தையும் படிச்சீங்களா?"

எனக்குச் சுரீரென்றது. ஒரு எழுத்துகூடப் படித்ததில்லை. எண்ணை மாற்றிக் கொடுத்தேன். முடியும்வரை என் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

என் பிறந்த தேதியைக்கூட நான் இணையத்தில் எங்கும் உண்மையாகப் போட்டதில்லை. 'ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று கடை வாசலில் ஒட்டியிருப்பவளும் நான்தான். ராணி அக்கா இடத்தில் இருந்தால் நானும் என்னை நம்பியிருக்க மாட்டேன்.

இப்படி இன்னும் எத்தனை பேருக்கு என் எண்ணைப் போட்டேன்? பதினோரு பேர் நினைவுக்கு வந்தார்கள். அதற்கு மேல் வெறும் முகங்கள்தான் வருகின்றன.

எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் ஒளிர்ந்தது. ஒரு ஓடிபி. நான் எதையும் திறக்கவில்லை. யாரோ யாருடைய இமெயிலையோ திறக்கப் பார்க்கிறார்கள். இமெயிலுக்கு உரியவரைக் கூப்பிட்டு எச்சரிக்கலாம் என்றால் அவர் எண் என்னிடம் இல்லை. அவர் எண் இருக்க வேண்டிய இடத்தில் என் எண்தான் இருக்கிறது.