உருண்டையும் என் செருப்பும்

என்னங்க, கோபம் தீரலன்னாலும் இதை முழுசா படிச்சிடுங்க.

உங்க சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. உருண்டைக்குக் கொஞ்சம் கொஞ்சமா மூணு வேளை வைங்க. நாய்க்குட்டிக்குக் கடைசித் தடுப்பூசி அடுத்த வாரம்தான், அதுவரைக்கும் வாசக்கதவு சாத்தியே இருக்கட்டும். உங்க அண்ணன் வந்தா அவர் நாயைக் கூட்டிட்டு வர வேணாம்னு சொல்லிடுங்க. முகத்தைச் சுளிச்சார்னா பழியை என் மேல போடுங்க.

நேத்து குட்டியைக் கடைத்தெருவுக்குத் தூக்கிட்டுப் போனீங்கன்னு உங்க சிநேகிதங்க முன்னாடியே கத்திட்டேன். "துண்டுல சுத்தி மடியிலயே வெச்சிருந்தேன், தரையில விடவே இல்லடி"ன்னு சொன்னீங்க. நான் காதுலயே வாங்கல. நாய் ஆஸ்பத்திரியில வேலை பாக்கிறவளுக்குத் தெரியாததான்னு ஒரு திமிரு.

காலையில பாத்தா உருண்டை என் செருப்பைக் கவ்விக்கிட்டுத் தூங்குது. நோய் வந்த குட்டிங்களோட கூண்டைக் கழுவும்போது நான் போட்டிருக்கிற செருப்பு. நேத்து அசதியில வெளியில விடாம வீட்டுக்குள்ளயே கழட்டிப் போட்டிருக்கேன்.

டாக்டருக்குப் போன் பண்ணேன். ஒரு வாரம் கவனமா பாத்துக்கச் சொன்னார். வாந்தியோ பேதியோ வந்தாலும், சாப்பிடாம சுருண்டு படுத்தாலும் உடனே என்னைக் கூப்பிடுங்க. என்கூடப் பேசப் பிடிக்கலன்னாலும் கூப்பிடுங்க.

செருப்பைத் தூக்கி எறிஞ்சுட்டேன். தரையை ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிட்டேன்.

பி.கு.: சாயங்காலம் உங்க சிநேகிதங்களை வீட்டுக்குக் கூப்பிடுங்க. அவங்க முன்னாடியே என்னைத் திட்டுங்க. செருப்பை மட்டும் வெளியில விட்டுட்டு வரச் சொல்லுங்க.