பேரன் அந்தப் பக்கம் போய்விட்டான்

அன்புள்ள லூயெல்லா,

ஊரில் உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். கல்லூரிச் சலவை அறையில் என்னோடு வேலை செய்யும் வெர்னாதான் நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறாள்.

நேற்று கல்லூரி ஃபுட்பால் அணியின் சட்டைகளை மடிக்கும்போது நம் பேரன் டேரியஸின் சட்டையைக் காணோம். "அவன் நம்ம பரம எதிரி, அந்தச் சிவப்புச் சட்டைக்காரங்க காலேஜுக்கு மாறிட்டான், பெரியவரே! உங்ககிட்ட சொல்லலையா?" என்று வெர்னா சிரித்தாள். மடித்த சட்டைகளையே மறுபடி பிரித்து மடித்தேன். 1972-ல் நம் தெரு எர்ல் அங்கே போனதற்கு, அவன் அப்பா சாகும்வரை அவனோடு பேசவில்லை. இப்போது ஆட்டக்காரப் பையன்கள் வருஷா வருஷம் காலேஜ் மாறுகிறார்களாம்!

டேரியஸிடமே போனில் கேட்டேன். "திட்டுவீங்கன்னுதான் சொல்லல தாத்தா. சனிக்கிழமை உங்க மைதானத்துலதான் ஆடுறேன். எனக்காகக் கத்த ஒருத்தர்கூட இருக்க மாட்டாங்க" என்றான்.

இனி ஞாயிறு என்னோடு சாப்பிட டேரியஸ் வரமாட்டான்; நீ அனுப்பும் வெண்டைக்காய் ஊறுகாய் இரண்டு பாட்டில் வேண்டாம், ஒன்று போதும். சனிக்கிழமைக்குள் நான் போட்டுக்கொள்ள ஒரு சிவப்புச் சட்டையும் வாங்கி அனுப்பு. இதை எழுதும்போதே வெர்னா முறைக்கிறாள்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது.
உன் ஹோரேஸ்