மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பாவின் முழங்காலைத் தவிர எல்லாம் சுகம். நீயும் சுகம் என்று வாரா வாரம் போனில் சொல்கிறாய், அதில் பாதியை நம்புகிறேன், மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் உன் அப்பா பக்கத்தில் நின்று திருத்தம் சொல்வார், அப்புறம் போனையே வாங்கிக்கொண்டு அந்த ஊரில் இன்றைக்கு எத்தனை டிகிரி என்று கேட்பார். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. இப்போது தண்ணீர்த் தொட்டி கழுவுவதை மேற்பார்வை பார்க்க மொட்டைமாடிக்குப் போயிருக்கிறார், கழுவுகிறவர்கள் பாவம், அவர் இறங்கி வருவதற்குள் எழுதி உறையை ஒட்டிவிடுவேன்.

நீ வெளிநாடு போன பிறகு உன் அப்பாவின் உயரம் இரண்டு அங்குலம் கூடிவிட்டது. அதுவரை குடியிருப்போர் சங்கத்துக்கு அவர் வெறும் செயலாளர், கூட்டத்தில் முதலில் பேசுகிறவர்கள் நாலாவது மாடி அம்மாளும் இரண்டாவது மாடிப் பேராசிரியரும்தான், ஏனென்றால் அந்த அம்மாளின் மகன் வெளிநாட்டில் இதய டாக்டர், பேராசிரியரின் மகன் வேறொரு நாட்டில் குடிநீர்த் திட்ட இன்ஜினியர். இங்கே வாரத்தில் மூன்று நாள் தண்ணீர் வராது என்பது வேறு விஷயம். நீ லிஃப்ட் இன்ஜினியராக விமானம் ஏறிய மறுநாளிலிருந்து உன் அப்பாவும் தொண்டையைச் செருமிக்கொண்டு முதலில் பேச ஆரம்பித்தார். அறுபது மாடிக் கட்டடத்தில் உன் கையெழுத்து இல்லாமல் ஒரு லிஃப்டும் நகராதாம். நீயோ போன மாதம், எட்டு மாதமாக ஒரு லிஃப்டைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை, மற்றவர்கள் எழுதிய ஆய்வறிக்கைகளை வரிசைப்படுத்திக் கம்ப்யூட்டரில் கட்டங்களுக்குப் பச்சையும் மஞ்சளும் பூசுவதுதான் வேலை, இங்கே பழைய கம்பெனியில் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள், வந்துவிடட்டுமா என்று கேட்டாய். நீ அழவில்லை, ஆனால் குரல் அழுதது. உன் அப்பா, "ரெண்டு வருஷம் பல்லக் கடிச்சுக்கிட்டு இரும்மா, வெளியில நான் என்னன்னு சொல்றது" என்று சொல்லிவிட்டுப் போனை என் கையில் கொடுத்தார். நான் என்ன கேட்டேன் என்று உனக்கு நினைவிருக்கும். சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

இப்போது நடந்ததைக் கேள். நம் லிஃப்ட் இரண்டு மாதமாக மேலே போகும்போதெல்லாம் பல்லைக் கடிக்கிற மாதிரி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. வழக்கமாக வரும் மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்று யாரோ சொன்னதற்கு, வெளிநாட்டு இன்ஜினியரைப் பெற்ற வீடு இங்கே இருக்கும்போது படிப்பில்லாத ஆள் எதற்கு, மகளிடமே கேட்டுச் சொல்கிறேன் என்று உன் அப்பா கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டார். மெக்கானிக்கை உனக்குத் தெரியும், நாம் ஸ்பானர் என்று கூப்பிடுவோமே, நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டைமாடி மோட்டார் அறையில் உட்கார்ந்து அவரிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பாய். ஆனால் உன் அப்பா உன்னிடம் கேட்கவே இல்லை. அந்தப் போனுக்குப் பிறகு உன்னிடம் டிகிரியைத் தவிர வேறு எதையும் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு லிஃப்ட் பழுது பற்றி யாரோ ஒருவர் போட்ட வீடியோக்களைப் பார்த்தார், நாலாம் நாள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு போய், "என் மகளோட பரிந்துரை" என்று வாசித்தார். எல்லா மாடியிலும் லிஃப்ட் கதவின் பூட்டுக்கு எண்ணெய் விட வேண்டும் என்பது அதன் சாரம். எல்லோரும் தலையாட்டினார்கள், தீர்மானப் புத்தகத்தில் உன் பெயரோடு ஏறியது, காவல்காரர் எண்ணெய்க் குப்பியோடு மாடி மாடியாகப் போனார். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன், வாயைத் திறக்கவில்லை.

ஒரு வாரம் சத்தமே இல்லை. உன் அப்பா காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் காரணமில்லாமல் மேலும் கீழும் போய் வந்தார். போன ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, காய்கறிப் பையோடு வந்த நாலாவது மாடி அம்மாளையும் மரியாதையாக ஏற்றிக்கொண்டு கிளம்பினார். மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. விளக்கு எரிகிறது, மின்விசிறி சுற்றுகிறது, பெட்டி மட்டும் அசையவில்லை. அந்த அம்மாளுக்கு ரத்த அழுத்தம் உண்டு, மூச்சு முட்டுகிறது என்று உள்ளிருந்து சொன்னார்கள். உடனே கட்டடமே சுறுசுறுப்பானது. அந்த அம்மாள் உள்ளேயிருந்து டாக்டர் மகனுக்குப் போன் போட்டார்கள், ஒரு பதிவுக்குரல் எடுத்து அவசரம் என்றால் ஒன்றை அழுத்தச் சொன்னது, ஒன்றை அழுத்தினால் பாட்டு வந்தது. பேராசிரியர் குடிநீர் மகனுக்குப் போட்டார், அவன் தூக்கக் கலக்கத்தில் மோட்டாரை அணைத்துவிட்டுப் போடச் சொன்னான், அது தண்ணீர் மோட்டார் என்று நினைத்துக்கொண்டான். முதல் மாடிக்காரர் கப்பலில் இருக்கிற மருமகனுக்குப் போட்டார். இப்படி ஆளாளுக்கு ஒவ்வொரு நாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள், நாலு தெரு தள்ளியிருக்கிற ஸ்பானருக்குப் போட ஒருவருக்கும் தோன்றவில்லை. நானும் கதவோரம் நின்று, உனக்குப் போடுகிறேன் என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டுப் போனை எடுத்தேன், அது உண்மை. கதவிடுக்கில் உன் அப்பாவின் குரல் வந்தது. "அவளுக்குப் போன் பண்ணாத. அவளுக்கு ஒண்ணும் தெரியாது, நான் அவகிட்டக் கேக்கவே இல்ல" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், எனக்கு மட்டும் கேட்டது, பக்கத்தில் நின்ற அந்த அம்மாளுக்கும் கேட்டிருக்கும். அதன் பிறகுதான் ஸ்பானரைக் கூப்பிட்டேன்.

இருபது நிமிஷத்தில் சைக்கிளில் வந்தார். நேரே மேலே போய் மின்சாரத்தை நிறுத்தினார், பிரேக்கைத் தளர்த்தி ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றிப் பெட்டியை மூன்றாவது மாடித் தரைக்குச் சரியாக இறக்கினார், பையிலிருந்து சாவி எடுத்துக் கதவைத் திறந்தார். அந்த அம்மாள் வெளியே வந்து ஒரு சொம்புத் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தார்கள், உயிருக்கு ஒன்றும் இல்லை. ஸ்பானர் பூட்டைத் தொட்டுப் பார்த்து விரலை மோந்தார். பூட்டுக்குள் மின்சாரம் தொட்டுப் போகிற இடத்தில் எண்ணெயும் தூசியும் களிம்பாகப் பிடித்துவிட்டதாம், கதவு திறந்திருக்கிறது என்று நினைத்து லிஃப்ட் நின்றுவிட்டதாம், நின்றதே நம் நல்ல நேரமாம். பேராசிரியர் விடுவாரா, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, வெளிநாட்டுப் படிப்பின் லட்சணம் இதுதானா, யோசனை சொன்ன பெண் அங்கே எத்தனை பேரைத் தொங்கவிட்டிருக்கிறாளோ என்றார். ஸ்பானர் நிமிர்ந்து பார்த்தார். "மேடமா? இருக்காது சார். பூட்டுல எண்ணெய் படக் கூடாதுன்னு போர்டு எழுதி மேல மோட்டார் ரூம்ல மாட்டினதே அவங்கதான்" என்றார். மாடிப்படி முழுக்க ஆட்கள், எல்லோரும் உன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். உன் அப்பா கையில் அந்த அம்மாளின் காய்கறிப் பை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தார்கள், பையை வாங்கிக்கொண்டார்கள், ஒன்றும் சொல்லவில்லை, அந்தப் புண்ணியத்துக்காகவே அவர்களைப் பற்றி நான் சொன்ன பழையதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். பேச்சை மாற்றத்தான் போலிருக்கிறது, பேராசிரியர் இந்த வேலையை எந்த நாட்டில் கற்றுக்கொண்டீர்கள் என்று ஸ்பானரைக் கேட்டார், வாழ்நாளில் முதல் தடவையாக 'ங்க' போட்டு. இந்தக் கட்டடத்தில்தான் என்று சொல்லிவிட்டு அவர் கையைத் துடைத்துக்கொண்டு போனார்.

மத்தியானம் உன் அப்பா சாப்பாட்டில் கை வைக்கவில்லை. மேஜையில் உட்கார்ந்து நாலு தாளைக் கசக்கிப் போட்டார், ஐந்தாவது தாளோடு கீழே போனார். நான் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். அறிவிப்புப் பலகையில் தன் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார், உனக்காக அப்படியே எழுதுகிறேன்: 'லிஃப்ட் பூட்டுக்கு எண்ணெய் விடும் யோசனை என் மகளுடையது அல்ல. அவளிடம் நான் கேட்கவில்லை. அது என்னுடையது. மெக்கானிக்கை நிறுத்தியதும் நானே. செயலாளர்.' கீழே சங்கத்தின் ரப்பர் முத்திரை வேறு, அது இல்லாமல் அவருக்கு மன்னிப்புக் கேட்க வராது. ஒரு வாரமாக எல்லோரும் நின்று படித்துவிட்டுப் போகிறார்கள், அவரும் அதைத் தாண்டித்தான் பால் வாங்கப் போகிறார், கிழிக்கவில்லை. இதை உன்னிடம் சொல்லவே மாட்டார், அதனால் நான் சொல்கிறேன்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். பழியெல்லாம் அவர் மேல் போட்டுவிட்டு நான் நல்லவளாக நிற்பது சரியில்லை. வெளிநாட்டு இன்ஜினியர் அம்மா என்று கடைக்காரர் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டபோது நானும் உட்கார்ந்தேன். அந்த நாற்காலிக்காகத்தான் அன்றைக்கு நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் சாப்பிட்டாயா என்று கேட்டேன். இப்போது பதில் சொல்கிறேன். வரவேண்டும் என்று தோன்றினால் வா, உன் அறையில் அப்பா சங்கத்தின் பழைய கோப்புகளை அடுக்கி வைத்திருக்கிறார், ஒரு நாளில் காலி செய்துவிடலாம். அங்கேயே இருக்கவேண்டும் என்று தோன்றினால் இரு, ஆனால் உனக்குப் பிடித்து இரு, எங்கள் கூட்டத்தில் யார் முதலில் பேசுவது என்பதற்காக ஒரு நாள்கூட இருக்காதே. தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே போகாதே. கட்டங்களுக்கு வண்ணம் பூசுகிற வேலையானாலும் குனிந்தே உட்காராதே, கழுத்து போய்விடும்.

எங்கிருந்தாலும் நோய் நொடியில்லாமல், நினைத்த வேலை கைக்குக் கிடைத்து, மனசு நிறைந்து இருக்க என் ஆசீர்வாதம். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, முடிவு எதுவானாலும் முதலில் அப்பாவிடம் சொல், இந்தக் கடிதம் வந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது டிகிரி கேட்பார், கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். வைத்துவிடாதே. அவர் ஏதோ சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறார், குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு தனியாகச் சொல்லிப் பார்ப்பது இரண்டு நாளாக என் காதில் விழுகிறது.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா