நான் கையெழுத்துப் போட்ட சாய்தளம்

மார்ச் 3
குளியலறையில் வழுக்கி விழுந்து இன்றோடு பன்னிரண்டு நாள். தொடை எலும்பில் தகடு வைத்துத் தைத்திருக்கிறார்கள். எட்டு வாரம் வலது காலைத் தரையில் ஊன்றக் கூடாதாம். ஊன்றுகோல் பிடிக்கலாமென்றால் இடது மணிக்கட்டு மாவுக்கட்டில். ஆக, சக்கர நாற்காலி. தள்ளுவதற்கு அக்கா வந்து இறங்கியிருக்கிறாள். முப்பது வருஷம் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. ஓய்வு பெற்ற பிறகும் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றவில்லை.

மார்ச் 5
வெளியே போகலாம் என்றாள். தெருவில் நாலு பேர் பார்ப்பார்கள் என்றேன். "நீ என்ன புதுப்பொண்ணா, வெக்கப்பட?"

மார்ச் 8
போனோம். இருபது வருஷமாக நடந்த தெருதான். இத்தனை பள்ளம் எப்போது வந்தது? அக்கா திருப்பங்களில் வேகத்தைக் குறைப்பதில்லை. குறுக்கே வந்தவர்களுக்கு விசில் ஊதினாள். மருந்துக்கடைக்காரர் என் தலைக்கு மேலாக அவளிடம், "சாருக்கு சர்க்கரை இருக்கா?" என்று கேட்டார். "அவனுக்குக் கால்தான் உடைஞ்சிருக்கு, வாய் நல்லாத்தான் இருக்கு. அவனையே கேளுங்க" என்றாள். பிறகு என்னிடம், "கொஞ்சம் அதிகமாவே நல்லா இருக்கு" என்றாள்.

மார்ச் 14
என் வாயை அடைக்க நாவல் வேண்டுமென்று அக்கா நூலகத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். நான் பொறியாளராக இருக்கும் நகராட்சி அலுவலகத்துக்கு நேர் எதிரே. வாசல் படிகளுக்குப் பக்கத்தில் சாய்தளம். பாதி ஏறியதும் அவளுக்கு மூச்சு வாங்கியது. நாற்காலி பின்னால் உருள ஆரம்பித்தது. முதுகைக் கொடுத்து நிறுத்தினாள். அப்படியே அங்குலம் அங்குலமாகக் கீழே இறக்கினாள்.

கீழே மரத்தடியில் ஒருவர் தன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தெருமுனையில் கடிகாரம் பழுது பார்ப்பவர். "ஏறினா மலை, இறங்கினா அருவி. கட்டின வாரமே ஒரு தடவ உருண்டேன். ஆறு வருஷமா அதுல ஏறுறதே இல்ல" என்றார். நூலகர் அம்மா தினம் அவருக்குப் பேப்பரைக் கீழே கொண்டுவந்து கொடுப்பாராம்.

இவரை அலுவலக ஜன்னலிலிருந்து எத்தனை நாள் பார்த்திருக்கிறேன். காற்றாட உட்கார்ந்து படிக்கிறார், ரசனைக்காரர் என்றல்லவா நினைத்தேன்.

"எந்தப் புண்ணியவான் இதுக்கு அனுமதி குடுத்தானோ" என்றார்.

நான் கைப்பிடிக் கம்பியைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். வீடு வரும்வரை விசில் ஊதவில்லை.

மார்ச் 15
அந்தப் புண்ணியவான் நான்தான்.
கட்டடம் கட்டியவர் இடம் போதவில்லை என்றார். ஆறு வருஷத்துக்கு முந்தைய ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். வரைபடத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன் - வாசலுக்குப் போய்ப் பார்க்கவில்லை. தெருவைக் கடந்தால் வாசல். ஏன் போகவில்லை?

மார்ச் 16
டேப்போடு போனோம். இரண்டரை அடி உயரத்துக்கு முப்பது அடி நீளம் வேண்டும். இருப்பது பதினாறு. "சரியாப் பிடி அக்கா" என்றேன். "நான் சரியாத்தான் பிடிக்கிறேன். அன்னைக்கு யார் பிடிச்சா?"

மார்ச் 19
மேலதிகாரிக்கு மூன்று பக்கக் கடிதம். அக்கா வாசித்தாள். "இதுல 'சூழ்நிலை காரணமாக'ன்னு நாலு எடத்துல வருது. எந்த சூழ்நிலைடா?" கிழித்துவிட்டு ஐந்து வரி எழுதினேன். அளக்காமல் கையெழுத்திட்டேன், தவறு என்னுடையது, இடித்துக் கட்ட வேண்டும். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் முதலில் இருக்கிறது. தபாலில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு, திரும்பி வாங்கி, மறுபடியும் கொடுத்தேன். அக்கா வாங்கிக்கொண்டு செருப்பை மாட்டினாள். இவள் கேலி செய்யாமல் இருந்தால்தான் பயமாக இருக்கிறது.

மார்ச் 24
கடிகாரக்காரரிடமும் சொல்லிவிட்டேன். கண்ணில் மாட்டியிருந்த லென்ஸை எடுக்காமலே கையிலிருந்த கடிகாரத்தின் மூடியைத் திருகி மூடினார்.

"ஆறு வருஷமா உங்கள திட்டிக்கிட்டிருக்கேன் சார். முகம் தெரியாம திட்டுறது எவ்வளவு சௌகரியமா இருந்துச்சு. இப்ப வந்து கெடுத்துட்டீங்களே."

மன்னித்தாரா? கேட்கத் துணிச்சல் இல்லை. என் கைக்கடிகாரத்தை வாங்கி, நாலு நிமிஷம் பின்தங்கி ஓடுகிறது என்று சரிசெய்து கொடுத்தார்.

ஏப்ரல் 10
விளக்கம் கேட்டு மெமோ. பதவி உயர்வு எனக்கு அடுத்து இருந்தவருக்கு. நாள் முழுக்க வலி. காலா, இதுவா - பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஏப்ரல் 25
காலை ஊன்றினேன். ஆறு அடி நடந்தேன். அக்கா நேரம் குறித்து வைத்துக்கொண்டு, "மோசம். மறுபடி" என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் மூக்கைச் சிந்தினாள்.

ஜூன் 2
அக்கா ஊருக்குக் கிளம்பிவிட்டாள். வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. பழைய சாய்தளத்தை இன்று இடித்தார்கள்.

ஜூலை 21
வேலை முடிந்தது. நடுவில் ஒரு மேடை, அங்கே திரும்பி மேலே போகும்படி. கட்டியவர்கள் சலித்துப்போகிற அளவுக்கு ஒவ்வொரு அடியையும் நானே அளந்தேன். கைத்தடியோடு நான் பின்னால் வர, கடிகாரக்காரர் யார் தயவும் இல்லாமல் தன் கையாலேயே உருட்டிக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்தார்.

உள்ளே அலமாரி அலமாரியாகப் போனார். ஒன்றை எடுத்தார், வைத்தார், இன்னொன்றை எடுத்தார். "சார், இங்க வாங்க, இதெல்லாம் இருக்குன்னு எனக்கு யாருமே சொல்லல" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

நூலகர் அம்மா எழுந்து வந்தார். "சத்தம் போடக் கூடாது. மத்தவங்க படிக்கிறாங்கல்ல?"

கடிகாரக்காரர் அதைக் காதில் வாங்கிய மாதிரி தெரியவில்லை. மடியில் நான்கு புத்தகங்களோடு ஜன்னலோரம் போய் நாற்காலியை நிறுத்திக்கொண்டார்.