வடக்கத்தி ஒலிவமரம்

என் வீட்டுக்காரிக்கு,

நீ வடக்கே பிசெர்த்தில் உன் அக்கா வீட்டிலேயே இருந்துகொள். கூப்பிடுவதற்காக எழுதவில்லை, உன் மரத்தைப் பற்றிச் சொல்லத்தான்.

கல்யாணத்தின்போது நீ வடக்கிலிருந்து கன்றாகக் கொண்டுவந்த ஷெத்துயி ஒலிவமரம், இங்கே தெற்கே ஜர்ஜீஸில் கிணறு உப்பானதிலிருந்து நுனி கருகி இலை உதிர்க்கிறது. பக்கத்திலேயே என் ஷெம்லாலி, இந்த ஊர் ஒலிவமரம், பச்சைப்பசேலென்று நிற்கிறது.

"நம்ம ஊர் மரம் உப்ப வேரோட நிறுத்திக்கும், வெளிய காட்டிக்காது. அந்த வடக்கத்தி மரம் இலை வரைக்கும் ஏத்திக்குது. வெட்டிப் போடுப்பா," என்றான் அடுத்த தோட்டத்து மப்ரூக்.

வெட்ட மனம் வரவில்லை. மகன் போன படகு திரும்பாத அன்று நீ அழுதாய். "அழுதா வந்துடுவானா?" என்று எரிந்து விழுந்தவன் நான்.

மழைத்தொட்டியைத் திறந்து தினம் நாலு வாளி உன் மரத்துக்கு ஊற்றுகிறேன். "குடிக்கிற தண்ணிய எவனாவது மரத்துக்கு ஊத்துவானா?" என்று மப்ரூக் சிரிக்கிறான். சிரிக்கட்டும். எனக்குக் கிணற்றுத் தண்ணீரில்தான் தேநீர், உப்பு பழகிவிட்டது.

நேற்று உன் மரம் துளிர்விட்டிருந்தது. அதன் அடியில் உட்கார்ந்து தேநீர் குடித்தேன். வழக்கத்தைவிட அதிகமாகக் கரித்தது. முகத்தைத் துடைத்த பிறகுதான் காரணம் தெரிந்தது.

உன் தெற்கத்தியான்