வெளியே போனவன் என்ன ஆனான்

இன்று காலை என் புடவைக் கடையில் ஒரு மாம்பழ நிறப் பட்டில் எண்ணெய்க் கறை பட்டுவிட்டது. புடவை மடிக்கும் பெண் துண்டுத் துணியைப் பெட்ரோலில் நனைத்துத் தொட்டுத் தொட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். வீடியோ டெக்கின் மூடியைக் கழற்றி வைத்து, பட்டுத் துண்டில் பெட்ரோலைத் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அதன் ஹெட்டைத் துடைக்கும் நீ. கல்லாவில் நின்றவர் இரண்டு தடவை கூப்பிட்டாராம். நான் திரும்பவே இல்லையாம்.

உன்னிடம் சுற்றிவளைத்துப் பேச வேண்டியதில்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஒரே முற்பகலில் நீ என்னைப் போனில் மூன்று முறை கூப்பிட்டாய். மூன்று முறையும் உன் பெயரைப் பார்த்தேன். எடுக்கவில்லை. முகூர்த்த சீசன், எதிரே ஒரு கல்யாண கோஷ்டி, பதினெட்டுப் புடவை எடுக்க வந்தவர்கள். அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. உன் மருமகனுக்கு வேலை போய்விட்டது என்று கேள்விப்பட்டிருந்தேன். கடையில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பாய், இல்லை என்று சொல்ல வாய் வராது என்று கணக்குப் போட்டேன். சாயங்காலம் பேசலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். சாயங்காலமும் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. பத்தாம் நாள் நீ போய்விட்டாய் என்று செய்தி வந்தது.

கல்லறைத் தோட்டத்தில் உன் மனைவியிடம், "போன் சைலண்ட்ல இருந்துச்சும்மா, பாக்கவே இல்ல" என்றேன். வியாபாரத்தில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், ஒன்றும் இப்படிக் கூடவே வீடு வரை வந்ததில்லை.

அன்றிலிருந்து ஊரில் கரண்ட் போனால் எனக்கு ஆவதில்லை. தெருவில் விசைத்தறிகள் எல்லாம் ஒரே நொடியில் நிற்கின்றன. அந்தச் சத்தமில்லாத இடத்தில் உன் குரல் வருகிறது. அதுவும் உன் சொந்தக் குரல் இல்லை. அந்தப் படத்தில் நீ பேசிய குரல்.

டிவியில் ஒரே ஒரு சேனல் வந்த காலம் அது. நான் ஒரு டிவியும் டெக்கும் வாங்கி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். அமாவாசை அன்று நெசவாளர் வீடுகளில் தறி ஓடாது. அவர்களுடைய சங்கக் கட்டடத்தின் ஜன்னல்களுக்குக் கோணி கட்டி இருட்டாக்கி, பட்டப்பகலில் படம் போடுவோம். தமிழ்ப் படங்களை இரண்டு மாதத்தில் எல்லோரும் பார்த்து முடித்துவிட்டார்கள். துபாயிலிருந்து வந்த ஒருவரிடம் அட்டை கூட இல்லாத இங்கிலீஷ் கேசட் ஒன்று கிடைத்தது. விண்வெளிக் கப்பல், பளபளக்கும் சட்டை, பழைய காலத்துப் படம். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. நீ டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வாத்தியார், உன் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். மாதா மாதம் அமாவாசைக்கு உனக்கு வயிற்று வலி வந்தது. லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து மைக்கைப் பிடித்தாய். ஓட ஓடத் தமிழில் கதை சொன்னாய்.

முதல் தடவை போட்டபோதே நெசவாளர்கள் நம்மைப் பிடித்துவிட்டார்கள். கப்பல் திரும்புகிற ஒரே துண்டைப் படம் எடுத்தவன் பத்துப் பதினைந்து தடவை காட்டினான். "இன்னாப்பா, ஒரே அட்டையவே திருப்பித் திருப்பி ஓட்டிகினு கீறான்" என்றார் ஒருவர். தறியில் ஜக்கார்டு அட்டை சுற்றி வந்தால் அதே பூ மறுபடி விழும், அதைச் சொன்னார். பாதிப் படத்தில் கேப்டனின் மீசை காணாமல் போனது. "இங்க பாவு மாறிருக்குது. பழசுல புதுசப் பிணைச்சிருக்கான். பிணைச்ச எடம் தெரியுது பாரு" என்றார் இன்னொருவர், தறியில் பழைய பாவு நூலோடு புது நூலை முடிச்சிடும் இடத்தை நினைத்து.

நீ அன்றைக்கே கேசட்டை ஓட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாய். "அவங்க சொன்னது ரைட்டுடா. இது படமே இல்ல. அந்த ஊர் டிவில வாராவாரம் வந்த தொடரு. நாலு வாரத்த வெட்டி ஒட்டிப் படமா ஆக்கிட்டான். நடுவுல வந்த வாரங்கள காணோம்."

அந்தப் பிணைத்த இடத்தில்தான் அவன் தொலைந்தான். கப்பலில் பழுது. ஒருவன் கயிற்றைக் கட்டிக்கொண்டு வெளியே போய்ச் சரி செய்கிறான். பாறைகள் பறந்து வருகின்றன. கயிறு அறுகிறது. கப்பல் நகர்ந்துவிடுகிறது. அடுத்த காட்சியில் கேப்டன் வேறு ஏதோ கிரகத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறான். வெளியே போனவனைப் பற்றி அதன்பிறகு படத்தில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

படம் முடிந்து கோணியை அவிழ்த்தபோது பாவு பிணைக்கும் கன்னியம்மா அக்கா வாசலை மறித்து நின்றார்.

"வெளிய போனானே, அவன் இன்னா ஆனான்?"

"அதோட முடிஞ்சிடுச்சுக்கா" என்றேன் நான்.

"எப்புடி முடியும்? அவனுக்கு ஊட்ல ஆளு இல்ல? காசு வாங்கிகினு பாதிக் கதை சொல்றியா? இழை அறுந்தா நாங்க அப்புடியே உட்டுட்டுப் போவமா?"

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அடுத்த அமாவாசைக்கு அதே படத்தைப் போட்டபோது, கேப்டன் சிரிக்கும் காட்சிக்கு முன்னால் நட்சத்திரங்கள் மட்டும் தெரிகிற ஒரு நிமிடத்தில், நீ மைக்கை வாய்க்கு மிக அருகில் வைத்துக்கொண்டு அவனாகப் பேசினாய். "நான் இங்கதான் இருக்கேன். உங்க வெளிச்சம் எனக்குத் தெரியுது. கேக்குதா?" பேசிவிட்டு நிறுத்தினாய். இருட்டுக்குள் யாரோ ஒரு பெண் மெதுவாக, "கேக்குதுப்பா" என்றாள். பிறகு நாலு பேர். பிறகு சங்கக் கட்டடம் முழுவதும்.

அதன்பிறகு அந்தப் படத்துக்குத்தான் கூட்டம். சந்தவாசல் வரைக்கும் வண்டி வைத்து எடுத்துப் போனோம். ஒவ்வொரு தடவையும் அவன் புதிதாக ஏதாவது பேசுவான். அம்மாவை விசாரிப்பான், மழை பெய்ததா என்று கேட்பான். ஆனால் அவன் செத்தான் என்றும் நீ சொன்னதில்லை, காப்பாற்றினார்கள் என்றும் சொன்னதில்லை. "ஜல்தி ஏதாச்சும் ஒண்ணு சொல்லி முடிடா, டெக்கு சூடாவுது" என்று நான் கத்தினால், "தெரியாதத எப்புடிடா சொல்றது" என்பாய்.

அந்த அமாவாசைகளில் எந்த வீட்டில் யார் நன்றாக நெய்கிறார்கள் என்று நான் பேச்சோடு பேச்சாகக் கேட்டு வைத்துக்கொண்டேன். டெக்கை விற்று, பட்டு வாங்கி, அதே வீடுகளுக்குக் கொடுத்து நெய்ய வைத்தேன். கடை வந்தது, மாடி வந்தது. நீ டைப்ரைட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறி, ஒரு பள்ளி ஆபீஸில் ஓய்வு பெற்றாய். சண்டை எதுவும் இல்லை. பார்ப்பதுதான் குறைந்தது. எப்போதாவது தெருவில் எதிர்ப்பட்டால், "இன்னாடா முதலாளி, அவனப் பத்தி எதுனா தெரிஞ்சுதா?" என்பாய். நானும் சிரித்துவிட்டுப் போவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். இதற்கு மேல் என்னால் அதை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. உன் மனைவி சர்ச்சிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லும் முன்பே சொல்லிவிட்டேன்.

"அன்னிக்குப் போன் சைலண்ட்ல இல்லம்மா. பாத்தேன். மூணு தடவையும் பாத்தேன். மாப்பிள்ளைக்கு வேலை கேப்பான்னு எடுக்கல."

அவர் பைபிளை மேசையில் வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"வேலை கேக்கறதுக்கா? அவரா? உங்ககிட்டப் போயா கேப்பாரு? மாப்பிள்ளை இப்ப ஓசூர்ல இருக்காருங்கண்ணா, நல்லா இருக்காரு."

"அப்ப எதுக்கும்மா கூப்பிட்டான்?"

"உங்க படத்துக்குத்தான். மாப்பிள்ளைதான் போன்ல தேடிக் குடுத்தாரு. அது ஏதோ தொடராமே, முழுசா இருக்குதுன்னு. படுத்துகினே காதுல மாட்டிகினு பாத்துகினு இருந்தாரு. நர்சம்மா திட்டுனாலும் கேக்கல. அன்னிக்குக் காலையில எழுந்து உக்காந்துட்டாரு. நாலு நாளா எழுந்து உக்காராத மனுசன். 'ஏய், வெளிய போனவன் இன்னா ஆனான்னு தெரிஞ்சிடுச்சு, போனக் குடு'ன்னாரு."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"உங்கிட்ட சொன்னானாம்மா?"

"கேட்டேன். 'மொதல்ல அவனுக்குத்தான்'னுட்டாரு. மூணு தடவை அடிச்சுப் பாத்தாரு. அப்பறம், 'பிசியா இருப்பான், முகூர்த்தம்'னு சொல்லிப் படுத்துகினாரு."

"கோவப்பட்டானா?"

"இல்ல." மேசையில் இருந்த பைபிளை நகர்த்தி வைத்தார். "ஆனா அதுக்கப்பறம் அதப் பாக்கல. காதுல மாட்டறதக் கழட்டி வெச்சிட்டாரு."

அவர் காபி கொடுத்தார். குடித்தேன். அவர் என்னைத் திட்டவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அதுதான் சரி என்று பட்டது.

நேற்று உன் மருமகன் ஓசூரிலிருந்து பேசினான். உன் மனைவி சொல்லியிருக்கிறார். "எந்தப் பாகம்னு எனக்குத் தெரியும் மாமா, லிங்க் அனுப்பட்டுமா? கீழ தமிழ்லயே எழுத்து ஓடும்" என்றான். நல்ல பிள்ளை. வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான், வேலையிருக்கிறது என்று சொன்னேன். உண்மையில், அந்தப் படத்தை நீ சொல்லாமல் நான் ஒரு நிமிடம் கூடப் பார்த்ததில்லை. அவன் பிழைத்தானா, இல்லையா? எதைக் கேட்டு நீ எழுந்து உட்கார்ந்தாய்? ஒரு விரலால் தொட்டால் தெரிந்துவிடும். தொட்டால், நீ என்னிடம் சொல்ல வந்த ஒரே ஒரு விஷயமும் உன்னிடமிருந்து போய்விடும்.

இப்போதெல்லாம் போன் அடித்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன். கல்யாண கோஷ்டி எதிரே இருந்தாலும் எடுக்கிறேன். முதலாளிக்கு வயசாகிவிட்டது என்று கடையில் பேசிக்கொள்கிறார்கள். எடுத்ததும் நான் பேசுவதில்லை. இரண்டு மூன்று நொடி காதில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறேன். அந்தப் பக்கமும் யாரோ மூச்சு விடுவது கேட்கும். அந்த இரண்டு மூன்று நொடிக்கு அது நீ இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

பிறகு யாரோ ஒருவர் பட்டுப் புடவை என்ன விலை என்று கேட்கிறார். சொல்கிறேன்.