சக்தி எங்கும் போகாது

கிரெய்கிபர்ன், மெல்பேண்.

அன்பின் மெறீனா,

மடு மாதா உம்மையும் மகளையும் சுகமா வைச்சிருக்கிறா எண்ட நம்பிக்கையில எழுதுறன்.

நீர் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிற விதி சரிதான், சக்தி அழியாது. நான் வேலை செய்யிற ஸ்டோரில மேல் தட்டுக்கு நான் தூக்கி ஏத்தின பெட்டி ஒண்டு நேற்று என்ர காலிலயே விழுந்தது. குடுத்த சக்தி குறையாமல் திரும்பி வந்திட்டுது. வெறும் வீக்கம்தான், பயப்பிடாதையும். ஆனால் இந்தக் களைப்பெல்லாம் எங்க போய்ச் சேருது எண்டு உம்மட புத்தகத்தில இருக்கோ?

இஞ்ச சரியான குளிர். உடம்பு தன்ர சூட்டை எப்பிடியோ காப்பாத்திக்கொள்ளுது. மனம் எதைப் பிடிச்சு வைச்சிருக்குது எண்டு கேளாதையும்.

காலில சுத்திக் கட்ட நீர் உடுத்தின பழைய பருத்திச் சீலை ஒண்டு அனுப்பும். அது வந்து சேர முதல் வீக்கம் வத்திடும், தெரியும். எண்டாலும் அனுப்பும்.

பஸ் வருது. சீலையைத் தோய்ச்சுப் போடாதையும்.

உம்மட
சூசை